தொட்டி தானாகச் சாகவில்லை

இது நீண்ட பதிவு; ஒரு மீன்தொட்டியைப் பற்றியது. ‘ஆய்வுத்தொகை மூன்று மாதமாக வரவில்லை, இப்போது மீன்தொட்டி ஒன்றுதான் குறைச்சலா?’ என்று கேட்கவிருப்போர் கேட்கலாம். அதற்கும் கீழே விடை வைத்திருக்கிறேன்.

நான் ஆய்வு செய்யும் நிறுவனம் தக்காணத்து நகரமொன்றில் இருக்கிறது. அதன் உயிரறிவியல் கட்டடத்து முகப்புக் கூடத்தில் 800 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று நான்காண்டுகளாக உள்ளது. மொழியியல் துறைக்கு இடம் போதாமல் அதே கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் எங்களுக்கு இரண்டு அறைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். எனவே நாள்தோறும் அந்தத் தொட்டியைக் கடந்துதான் மாடியேறுகிறேன். உயிர்ப்பாறை, மென்பவளங்கள், கோமாளி மீன்கள், நீல டேங்குகள், கோபிகள், டேம்சல்கள், துப்புரவு இறால்கள் என்று நிறைந்திருந்த தொட்டி. கல்பவளம் கிடையாது. இந்தியக் கடலின் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ‘அதெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள்’ என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. எங்கள் தொட்டியை அமைத்தவர்கள் அந்த ஒன்றிலாவது நேர்மையாக இருந்தார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, மின்மாற்றிப் பணிக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. நான்கு மணி நேரம் என்றது சுற்றறிக்கை. பத்தொன்பது மணி நேரம் ஆயிற்று. திங்கள் காலை தொட்டி நீர் பால்போல் வெளுத்திருந்தது. 34 மீன்களில் 31 இறந்திருந்தன. நத்தைகள் எல்லாம் போயின. மென்பவளங்களில் பாதி கூழாகிப் பாறையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. மீந்தவை ஒரு கோமாளி மீனும் இரண்டு டேம்சல்களும்.

தொட்டியைப் பராமரிப்பவர் ஒப்பந்தத் தொழிலாளர். பெயரை எழுதப்போவதில்லை. எட்டு நாள் கழித்து அவருக்கு விளக்கம் கோரும் அறிவிப்பு வந்தது: இழப்பை அவர் சம்பளத்தில் ஏன் பிடித்தம் செய்யக்கூடாது, ஒப்பந்தத்தை ஏன் முடித்துக்கொள்ளக்கூடாது என்று. குறிப்பிட்ட தொகை அவருடைய ஐந்து மாதச் சம்பளம். ஆங்கிலத்தில் பதில் எழுதித் தர முடியுமா என்று அந்தத் தாளோடு என்னிடம் வந்தார். அதனோடு இணைத்திருந்த விசாரணைக் குழு அறிக்கையையும் அப்படித்தான் படித்தேன்.

அறிக்கை இரண்டு பக்கம். ‘வார இறுதியில் தொட்டி கிராஷ் ஆனது’ என்று தொடங்குகிறது, மொழிபெயர்ப்பு என்னுடையது. ‘கூடத்தில் மின்சாரம் கிடைக்கவில்லை’ என்கிறது. ‘நீரின் தரம் சீர்கெட்டது’ என்கிறது. ‘உயிரினங்கள் இழக்கப்பட்டன’ என்கிறது. பிறகு திடீரென்று இலக்கணம் மாறுகிறது: பராமரிப்பாளர் வெள்ளி மாலை மாற்று ஏற்பாடு செய்யாமல் வெளியேறினார், சனி, ஞாயிறு இரு நாளும் கவனிக்கத் தவறினார், மிகையாக இரையிட்டு வந்தார். பென்சிலால் அடிக்கோடிட்டு எண்ணினேன். இரண்டு பக்கத்திலும் மனித எழுவாயோடு வரும் செய்வினை மூன்றே மூன்று. மூன்றுக்கும் எழுவாய் ஒரே ஆள்.

மொழியியல் மாணவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு பத்தி. திரும்பு – திருப்பு, அழி(ந்தது) – அழி(த்தது), கவிழ்ந்தது – கவிழ்த்தது என்று தமிழ் வினைகள் பெரும்பாலும் இணையிணையாக நிற்கின்றன. கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்று விரித்து ஆராய்ந்தது இந்த வேறுபாட்டைத்தான். வண்டி கவிழ்ந்தது என்றும் சொல்லலாம், கவிழ்த்தார்கள் என்றும் சொல்லலாம். எதைச் சொல்கிறோம் என்பதில் சொல்பவன் எங்கே நிற்கிறான் என்பது இருக்கிறது. ஆங்கில வினையைக் கடன் வாங்கினாலும் தப்ப முடியாது. ‘கிராஷ் ஆச்சு’ என்பதா, ‘கிராஷ் பண்ணினாங்க’ என்பதா என்று தேர்ந்தே ஆகவேண்டும். நிர்வாகம் தன் பங்குக்கெல்லாம் ‘ஆச்சு’வையும், சம்பளத்தில் பிடிக்கத்தக்க ஒருவருக்கு மட்டும் ‘பண்ணினா’ரையும் தேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் எழுதியதால் அது கண்ணில் படாது என்று நினைத்திருக்கலாம்.

தொல்காப்பியம் ஒரு தொழில் நிகழ்வதற்கு எட்டு காரணங்களை எண்ணுகிறது. செய்பவன் அவற்றுள் ஒன்று மட்டுமே. இடம் உண்டு, காலம் உண்டு, கருவி உண்டு. யாருக்காக, எப்பயன் கருதி என்பவையும் உண்டு. குழு அறிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏழை விட்டுவிட்டது. அந்த ஏழில்தான் மீன்கள் செத்தன.

நடந்ததைச் சொல்கிறேன். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் தாங்குவது 6.8 அளவே, வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். எனவே கடல்நீர்த் தொட்டி எப்போதும் மெல்லிய விளிம்பில் வாழ்வது. நீரைச் சுழற்றும் பம்பும், நுரையோடு கழிவை வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரும் ஓடும்வரைதான் அந்த விளிம்பு தெரியாது. அவை நின்றதும், நீரின் மேற்பரப்பில் தானாகக் கரையும் காற்று ஒன்றே வரவு. செலவோ நிற்பதில்லை. மீன் மூச்சுவிடுகிறது; விளக்கு அணைந்தபின் பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாசியும் ஆக்சிஜனை ஆக்குவதை நிறுத்தி உண்ணத் தொடங்குகிறது; பாறையின் நுண்துளைகளில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாவும் உண்கின்றன. மே மாதம், குளிரூட்டி இல்லாத, சன்னல் மூடிய கூடம், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் இல்லை.

மூடிய கேனிஸ்டர் வடிகட்டிக்குள் இருந்த கதை இன்னும் மோசம். ஓட்டமில்லாத சில மணி நேரத்தில் அதனுள் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளிருந்தவை அழுகத் தொடங்கியிருக்கும். ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்கு மின்சாரம் வந்ததும் பம்பு தானாக ஓடியது. அழுகல் நீர் முழுவதையும் தொட்டிக்குள் கொட்டியது. சில்லர் தானாக ஓடவில்லை. அதற்கு ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்த ஆளில்லை. திங்கள் காலை வெப்பமானி 33 காட்டியது.

குழு தன் அறிக்கையில் ‘அம்மோனியா நச்சு’ என்று காரணம் எழுதி, அதை ‘மிகை இரை’யோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. அம்மோனியா மிகுந்திருந்தது உண்மை. கடல்நீரின் காரத்தன்மையில் அது மேலும் கொடியது என்பதும் உண்மை. ஆனால் அந்த அளவீடு திங்கள் காலை பதினொரு மணிக்கு, 31 பிணங்கள் ஒரு நாளுக்குமேல் ஊறிய நீரில் எடுக்கப்பட்டது. பிணங்கள் அழுகினால் அம்மோனியா வரும். விளைவை அளந்துவிட்டு அதையே காரணம் என்று எழுதிய மூவரில் இருவர் உயிரறிவியல் பேராசிரியர்கள். இறந்த மீன்கள் வாயைப் பிளந்து, செவுளை விரித்துக் கிடந்தன. பெரிய டேங்குகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பிழைத்தவை மூன்றும் சிறியவை. மூச்சுத்திணறி இறந்த குளத்தில் பெரிய மீன்தான் முதலில் மிதக்கும் என்பது ஏரியில் மீன் வளர்ப்பவர்கள் பலரும் அறிந்தது.

ஆக்சிஜன் காணாமற்போன கதைகளில் எனக்குப் பிடித்தது அரிசோனாவின் பயோஸ்பியர் 2. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் இரண்டாண்டு வாழச் சென்றார்கள். பவளத்திட்டோடு ஒரு செயற்கைக் கடலும் உள்ளே இருந்தது. பதினாறு மாதத்தில் காற்றின் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14க்கு இறங்கிவிட்டது. யாரும் எதையும் திறந்துவிடவில்லை, அணைத்துவிடவில்லை. கட்டும்போதே கரிமச்சத்து மிகுந்த மண்ணை நிரப்பியிருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டு கரியமிலவாயுவை வெளியிட்டன. அந்த வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் கணக்கு நேராகாமல் எல்லோரையும் குழப்பியது. விடை கிடைத்ததற்குக் காரணம், உள்ளிருந்தவர்கள் எல்லாவற்றையும் அளந்து எழுதிவைத்திருந்ததே. உள்ளே வேலை செய்தவர்களில் ஒருவர் தலையில் போட்டுவிட்டு மூடியிருந்தால் கான்கிரீட்டைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் தொட்டிக்கும் எழுதிவைத்த அளவுகள் உண்டு. பராமரிப்பாளரின் குறிப்பேடு, தெலுங்கில். கள ஆய்வுக்காக அந்த எழுத்தைக் கற்றவன் என்பதால் என்னால் படிக்க முடிந்தது. நான்காண்டும் நாள் தவறாமல் வெப்பம், உவர்ப்பு, இட்ட இரை, வாரம் ஒருமுறை காரத்தன்மை. வெள்ளிக்கிழமைப் பதிவு: 26 டிகிரி, உவர்ப்பு 35, இரை வழக்கம்போல் இரண்டு வேளை. ‘மிகை இரை’ இங்கேயே முடிகிறது. அதே குறிப்பேட்டில் ஏப்ரல் மாதம் இரண்டு முறை, மே முதல் வாரத்தில் ஒருமுறை, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு கேட்டதாக எழுதி, கேட்ட அலுவலரின் பதவியையும் குறித்திருக்கிறார். அப்படியொரு பம்பு, இறந்த ஒரு டேங்கைவிட விலை குறைவு. கட்டடத்தில் ஜெனரேட்டர் உண்டு. அது சர்வர் அறைக்கும் இயக்குநர் தளத்துக்கும் போகிறது, கூடத்துக்குப் போவதில்லை. ஏப்ரல்வரை ஞாயிறு அரைநாள் பராமரிப்பு இருந்தது. செலவுக் குறைப்பில் நிறுத்தப்பட்டது. மின்சாரம் நான்கு மணி நேரத்தில் வரவில்லை என்று அவருக்கு யாரும் தொலைபேசவில்லை. கூடத்துக் காவலரிடம் அவருடைய எண்ணே இல்லை.

இடம், காலம், கருவி என்று மேலே எண்ணியவை இவைதாம். எப்பயன் கருதி என்பதற்கு இப்போது வருகிறேன்.

இந்த மாதக் கடைசியில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் தொட்டி ‘மீண்டிருக்க’ வேண்டுமாம். 25 மீன்களுக்குக் கொள்முதல் ஆணை போய்விட்டது. ‘ஒரு புட்டி பாக்டீரியா ஊற்றினால் மூன்று நாளில் தயார்’ என்று விற்பனையாளர் சொன்னாராம். நான் இந்தப் பதிவை எழுதுவதற்குப் பாதிக் காரணம் இது.

சடுதியில் செத்த தொட்டி எப்படி மீளும் என்பதை இப்போது நாள்தோறும் கீழே நின்று பார்க்கிறேன். மீட்பவர் யார் என்கிறீர்கள்? அறிவிப்பு வாங்கிய அதே மனிதர். திங்கட்கிழமையே பிணங்களைக் கையால் துழாவி எடுத்தார். பாறை இடுக்கில் ஒரு கோபி சிக்கியிருந்தால்கூட அம்மோனியா இறங்காது என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தேடினார். கூழான பவளங்களை வெட்டியெடுத்தார். பிழைத்த மூன்றையும் காற்றோட்டமுள்ள தனித்தொட்டிக்கு மாற்றினார். நாளுக்குக் கால்வாசி நீர்: முந்தைய நாளே ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைத்துச் சுழலவிட்டு, வெப்பமும் உவர்ப்பும் ஒத்துவந்தபின் மாற்றுவது. வடிகட்டியில் கரி. பாறையைத் தேய்த்துக் கழுவவில்லை. நிர்வாகப் பொறியாளர் ஒருவர் ‘எல்லாவற்றையும் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிப் புதிதாகத் தொடங்கினால் என்ன’ என்று கேட்டபோது நான் அருகிலிருந்தேன். அந்தப் பாறைக்குள் எஞ்சியிருக்கும் பாக்டீரியாதான் மீட்சியின் முதல். அம்மோனியாவை நைட்ரைட்டாக்க ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம். இரண்டும் மெல்லப் பெருகுபவை. வெறும் தொட்டியில் அவை நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆவது இயல்பு. புட்டியில் வரும் பாக்டீரியா முழுப்பொய் அன்று. நல்லதாயிருந்தால் சில நாள்களை மிச்சப்படுத்தும். மூன்று நாளில் 25 மீனைத் தாங்கும் தொட்டியை அது தராது.

இன்று பதினாறாம் நாள். அம்மோனியா இறங்கிக்கொண்டிருக்கிறது, நைட்ரைட் ஏறியிருக்கிறது. கடல்நீரில் குளோரைடு மிகுதி என்பதால் நன்னீரைப்போல் அது மீனைக் கொல்வதில்லை, ஆனால் வேலை முடியவில்லை என்பதற்கு அது சாட்சி. கண்ணாடியில் பழுப்புப் படலம் படர்ந்திருக்கிறது. இனிமேல் பச்சை மயிர்ப்பாசி வரும், செந்நிறச் சளிபோல் சயனோபாக்டீரியா வரும். செத்தவற்றின் பாஸ்பேட் எங்காவது போகவேண்டுமே. பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். அந்த அருவருப்பான மாதங்கள் மீட்சியின் பகுதி. அதன்பின் மீன்கள் ஒன்றிரண்டாக, தனித்தொட்டியில் சில வாரம் நோய்க்கண்காணிப்பில் இருந்துவிட்டு வரவேண்டும். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி ஒருமுறை புகுந்தால், அது அற்றுப்போக 76 நாள் மீனில்லாமல் வைப்பது வளர்ப்போர் வழக்கம்.

2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரத்து அக்வேரியத்தில் ஜெனரேட்டர் நின்றது, பணியாளர்கள் வெளியேறவேண்டியதாயிற்று. ஏறத்தாழ 10,000 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. அது மீண்டும் திறந்தது அடுத்த ஆண்டு மே மாதத்தில். பணமும் வல்லுநர்களும் உள்ள இடத்தில் ஒன்பது மாதம். எங்களுக்கு மாதக் கடைசி!

அந்த 25 மீன்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் யாரும் கேட்கவில்லை. கோமாளி மீன்களைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைக்கிறார்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆய்வு நிறுவனத்தின் மையம் அதைச் செய்துவருகிறது. வணிகத்தில் இருக்கும் மற்றக் கடல்மீன் வகைகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் திட்டுகளிலிருந்து பிடிக்கப்படுபவை. ஆணையில் ஆறு டேங்குகள் இருக்கின்றன. மதிப்பீட்டுக் குழு கூடத்தைக் கடக்க நாற்பது வினாடி ஆகும். அதற்காக அவற்றைக் கொண்டுவந்து, தயாராகாத நீரில் விட்டு, அடுத்த மாதம் ‘மறுபடியும் கிராஷ்’ என்று எழுதுவார்கள். அப்போதும் எழுவாய் தேவைப்படும்.

‘கடல்மீனைத் தொட்டியில் அடைப்பதே தவறு, தொட்டியை மூடு’ என்று விலங்குரிமை பேசும் தோழி ஒருத்தி சொன்னாள். பாதி உடன்படுகிறேன். ஆனால் மூடுவதென்றாலும் பிழைத்த மூன்றுக்கும் பாதிப் பவளத்துக்கும் யார் பொறுப்பு என்பது அப்படியே நிற்கும். பிடித்தம் செய்யப்படும் ஐந்து மாதச் சம்பளமும் அப்படியே நிற்கும். கொள்கைத் தூய்மை மிகுந்த விவாதங்களில் எப்போதும் ஒப்பந்தத் தொழிலாளர்தான் அடிக்குறிப்பாகிப்போகிறார்.

ஆய்வுத்தொகையைக் கேட்டவர்களுக்கு: சென்ற வாரம் அலுவலகத்தில் கேட்டேன். ‘தாமதமாகிவிட்டது’ என்றார்கள். யார் தாமதித்தார்கள் என்று கேட்டேன். ‘அப்படியில்லை மேடம், தாமதமாகிவிட்டது’ என்று என் பின்னால் நின்ற தோழியைப் பார்த்து மறுமொழி வந்தது. இது வேறு பொருள் என்று இன்னும் நினைக்கிறீர்களா?

இனி, எனக்கே உறுத்தும் ஒன்று. குறிப்பேட்டின் அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில், வெப்பம் 33 என்பதற்குக் கீழே, அவர் ஒற்றைச் சொல் எழுதியிருக்கிறார்: ‘சம்பேஸாம்’. கொன்றுவிட்டோம். தெலுங்கில் ‘செத்துப்போயின’ என்பதற்கு எளிய சொல் இருக்கிறது. அதை அவர் எழுதவில்லை. நிகழ்ந்ததை இயக்குவினையில், தன்மைப் பன்மையில் எழுதிய ஒரே ஆவணம் அந்த நிறுவனத்தில் அதுதான். அந்த ‘ஓம்’ யார் யாரை உள்ளடக்குகிறது என்பதை விகுதி சொல்லாது. தமிழில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே விகுதி வருவதுபோல் தெலுங்கிலும். விசாரணை அதிகாரி அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று படிப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நகலெடுத்துக் கொடுப்போமா என்று கேட்டேன். கேட்டதற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் கேட்டேன். அவர் குறிப்பேட்டை என் கையிலிருந்து வாங்கி, பக்கங்களைத் தட்டிச் சமன்செய்து, ‘நாலு வருஷத்தில் ஒரு பக்கமும் கிழித்ததில்லை’ என்றார். பிறகு நீர் மாற்றும் நேரமாகிவிட்டதென்று கீழே போய்விட்டார்.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு. கொள்முதல் ஆணையை நிறுத்தவும் அறிவிப்பைத் திரும்பப்பெறவும் கோரும் கடிதத்தில் இதுவரை 42 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். உயிரறிவியல் துறையிலிருந்து ஏழு பேர் மட்டுமே. மற்றவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது, வழிகாட்டிகள் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் வடிகட்டி, ஆக்சிஜன், அம்மோனியா பற்றி நான் மேலே எழுதியதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நீங்கள்தாம். ஒரு மொழியியல் மாணவனை எழுதவைத்திருக்கிறீர்கள். குறிப்பேட்டின் படங்களை அவருடைய ஒப்புதலோடு கீழே இடுகிறேன், அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தையும் சேர்த்து. தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் என் வாசிப்பில் பிழையிருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.